நம் வாசலில் நான்கு படிகள்



போன செயற்குழுக் கூட்டத்தில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட பேச்சு எது என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். பி பிளாக் வாசலில் நான்கு படிகளை ஒட்டி சக்கர நாற்காலி ஏறி இறங்க ஒரு மேடை லிஃப்ட் வைப்பதா, சாய்தளம் கட்டுவதா, இப்படியே விட்டுவிடுவதா என்பதுதான் அது. ஒருமித்த முடிவு வரவில்லை. வரும் பொதுக்குழுவுக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதற்குள், இந்தப் படிகள் நம் வாசலுக்கு எப்படி வந்தன, இவற்றைத் தாண்ட உலகத்தில் யார் யார் என்னென்ன பாடுபட்டார்கள் என்று கொஞ்சம் பழைய கதையைச் சொல்லலாம் என்று தோன்றியது. கூட்டத்துக்கு வருவதற்கு முன் படித்துவிட்டு வாருங்கள்.

விஷயம் ஆரம்பித்தது நம் பி பிளாக் வாத்தியாரிடமிருந்து. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பிய நாளில் இருந்து, அவர் வெளியே போக வேண்டுமென்றால் நான்கு பேர் வேண்டும். இரண்டாம் மாடியில் இருந்து லிஃப்டில் சுலபமாக இறங்கிவிடுகிறார். லிஃப்டை விட்டு வெளியே வந்து பத்தடி போனால் படி. அங்கே நம் செக்யூரிட்டி, எதிர்வீட்டுப் பையன், யார் கிடைக்கிறார்களோ அவர்கள், நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்குகிறார்கள். ஆனி மாதத்தில் ஒரு நாள் அப்படித் தூக்கியபோது, "சாமி புறப்பாடு ஆச்சு, மாங்கனி இறைக்க யாரும் வரலியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அதற்கப்புறம் அவர் இறங்கி வருவது குறைந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் போவதற்கு மட்டும்தான் இப்போது வருகிறார். ஆளைக் கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது என்று அவர் வீட்டம்மா சொன்னார்.

சரி, படிக்கு வருவோம்.

நம் ஊர் காவிரிப் படுகையின் கடைசி முனை. அரசலாறு கடலில் சேரும் இடம். தண்ணீர் மேலே இருந்தும் வரும், கடலில் இருந்தும் வரும், ஐப்பசி கார்த்திகையில் வானத்தில் இருந்தும் வரும். இப்படிப்பட்ட ஊரில் தரையோடு தரையாக யாரும் வீடு கட்டவில்லை. மனையில் மண் கொட்டி மேடாக்கி, அதன் மேல் அஸ்திவாரத்தை இடுப்பளவு உயர்த்தி, முன்னால் திண்ணை வைத்துக் கட்டினார்கள். திண்ணைக்கு இரண்டு மூன்று படி, திண்ணையில் இருந்து நிலைவாசலுக்கு இன்னொரு படி. பழைய தெருக்களில் இன்னும் மிச்சமிருக்கும் ஓட்டு வீடுகளைப் பார்த்தால் தெரியும். அந்தப் படி வெள்ளத்துக்குப் போட்ட அணை.

ஆனால் அது வெள்ளத்துக்கு மட்டும் இல்லை. யார் எதுவரை ஏறலாம் என்பதையும் அந்தப் படிகள்தான் வரையறுத்தன. தெருவில் நின்று பேச வேண்டியவர், திண்ணையில் உட்காரலாம் என்றவர், நிலைவாசலைத் தாண்டலாம் என்றவர் என்று தரம் பிரித்தது படிக்கட்டு. நம் பேச்சு வழக்கே அதற்குச் சாட்சி. சண்டை வந்தால் "உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்கிறோம். உதவி கேட்கப் போனால் "படியேறிப் போய்க் கேட்டேன்" என்கிறோம். படி ஏறுவதே ஒரு உறவின் அளவுகோல் ஆகிவிட்டது. ஏற முடியாதவரைப் பற்றி இந்த மொழியில் ஒரு பழமொழியும் இருக்கிறது: முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட மாதிரி. எனக்கு எப்போதும் உறுத்துகிற பழமொழி இது. ஆசைப்பட்டது தப்பு என்று தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. ஒரு ஏணி கொண்டுவந்து வைக்க வேண்டும் என்ற யோசனை அதில் இல்லை.

அடுக்குமாடி வந்த பிறகும் படி போகவில்லை. ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, தெரு உயர்ந்துகொண்டே போகிறது. பத்து வருடத்துக்கு முன் மேடாக இருந்த வீடு இன்று பள்ளம். அதனால் கட்டுகிறவர்கள் முதலிலேயே தரைத்தளத்தை இரண்டடி தூக்கிவிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 காலையைப் பார்த்த ஊர் இது. தரையில் இருந்து உயரமாக இருப்பதே நல்லது என்று வாங்குகிறவர்களும் நினைக்கிறார்கள். அதில் தப்பில்லை. அப்படித் தூக்கிய பிறகு எல்லோரும் எப்படி ஏறுவார்கள் என்பதை மட்டும் வரைபடத்தில் யாரும் யோசிக்கவில்லை. மூன்று மாடிக்கு லிஃப்ட் வைத்தவர்கள் மூன்றடி தூரத்துக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார்கள்.

ஏற முடியாதவர்களை என்ன செய்தோம்? தூக்கினோம். வசதி இருந்தால் பல்லக்கு, இல்லாவிட்டால் முதுகு. மலைக்கோயில்களில் டோலி. நம் ஊரின் பெரிய அம்மா, காரைக்கால் அம்மையார், இந்த விஷயத்தில் வேறு வழி எடுத்தவர். கயிலை மலையில் கால் பதிக்கக் கூடாது என்று தலையாலேயே நடந்து ஏறினார் என்பது புராணம். மலை ஏறுவதற்குக் கால்தான் வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்கிற கதை அது. கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் பாருங்கள். மற்ற எல்லோரும் நிற்க, அம்மையார் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் திருநள்ளாறு. அங்கே இருப்பவரின் பழைய பெயர் சனைச்சரன், அதாவது மெல்ல நடப்பவர். அவருக்கு ஒரு கால் ஊனம் என்று புராணம் சொல்லும். இரண்டரை வருடத்துக்கு ஒரு முறை லட்சக்கணக்கான பேர் அவரைத் தேடி நம் மாவட்டத்துக்கு வருகிறார்கள். காலில் குறை உள்ள ஒரு தெய்வத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் ஊரில் வாத்தியார் கூச்சப்பட வேண்டியிருக்கிறது.

தூக்குவதற்கு ஆளுக்குப் பதிலாகக் கருவியை வைக்கலாம் என்ற எண்ணத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. காரைக்கால் 1739-ல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. அப்போது பிரான்சின் அரசன் பதினைந்தாம் லூயி. நான்கு வருடம் கழித்து, 1743-ல், வெர்சாய் அரண்மனையில் அவன் காதலி மாடி ஏறச் சிரமப்படக் கூடாது என்று கயிறும் எதிர் எடையும் வைத்து ஒரு நாற்காலி செய்து கொடுத்தார்கள். பறக்கும் நாற்காலி என்று அதற்குப் பெயர். உட்கார்ந்து கயிற்றை இழுத்தால் மேலே போகும். கிணற்றில் ராட்டினம் போட்டு இறைக்கிற அதே தத்துவம்தான். நம் ஊரில் வரி வசூலித்த அரசாங்கம் அந்தக் காலத்திலேயே ஒருத்திக்கு லிஃப்ட் வைத்திருக்கிறது.

பொதுமக்களுக்கான லிஃப்ட் வர இன்னும் நூறு வருடம் ஆனது. கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்ற பயம்தான் தடை. அமெரிக்காவில் எலிஷா ஓட்டிஸ் 1854-ல் நியூயார்க் கண்காட்சியில் தானே மேடையில் ஏறி நின்று, கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சில அங்குலம் இறங்கிப் பற்கட்டையில் மாட்டிக்கொண்டு நின்றது. 1857-ல் அதே ஊரில் ஐந்து மாடிக் கடை ஒன்றில் முதல் பயணிகள் லிஃப்ட் வந்தது. நம் லிஃப்டிலும் கூண்டு வேகமாகக் கீழே போனால் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும் கருவி இருக்கிறது. அது ஓட்டிஸ் காட்டிய வித்தையின் வாரிசு.

சக்கர நாற்காலியின் கதை வேறு ரோட்டில் வந்தது. நாம் இன்று ஆஸ்பத்திரியிலும் ரயில்வே ஸ்டேஷனிலும் பார்க்கிற, நடுவில் பெருக்கல் குறி போல மடங்கும் இரும்புக் குழாய் நாற்காலி, 1933 வாக்கில் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தது. சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த பொறியாளர் ஹெர்பர்ட் எவரெஸ்ட், தன் நாற்காலியைக் காரில் ஏற்ற முடியவில்லை என்று நண்பர் ஹாரி ஜென்னிங்ஸிடம் சொல்ல, இருவரும் சேர்ந்து மடக்கு நாற்காலி செய்தார்கள். நாற்காலி காரில் ஏறிவிட்டது. கட்டடத்துக்குள்தான் ஏறவில்லை. லிஃப்ட் உள்ளே இருக்கிறது, சக்கர நாற்காலி வெளியே இருக்கிறது, நடுவில் நான்கு படி. உலகம் முழுக்க இதே கதை.

நம் நாட்டில் இந்த நான்கு படியின் அர்த்தத்தை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சர்ஜன் ஆகப் படித்துக்கொண்டிருந்தவர். நின்று செய்ய வேண்டிய வேலை என்று எல்லோரும் நினைத்ததை அவர் உட்கார்ந்து செய்தார். தொழுநோயால் மடங்கிய கைவிரல்களுக்கு சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, வேலூரிலேயே அதற்கென்று ஒரு துறையைக் கட்டினார். 1972-ல் பத்மஸ்ரீ. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் இன்னொருவர். கல்லூரி மாணவராக இருந்தபோது கடற்படை அதிகாரித் தேர்வில் உடற்பயிற்சிச் சுற்றில் விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவை இழந்தார். 1981-ல் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். வயதானவர்களும் குழந்தைகளும் நாற்காலியை உருட்டிக்கொண்டு போகும்படியான வளாகம் அது. 2020-ல் அவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் ஊர்க்காரர்கள் குற்றாலம் போகும்போது ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.

உரிமை என்ற பேச்சு சட்டத்துக்கு வந்த கதை அமெரிக்காவில் 1990-ல் உச்சத்துக்குப் போனது. அந்த வருடம் மார்ச் 12-ம் தேதி, வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் கூடியவர்களில் பலர், சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழேயே விட்டுவிட்டு, கையாலும் முழங்காலாலும் தவழ்ந்து படிகளில் ஏறினார்கள். எட்டு வயதுப் பெண் குழந்தையும் அதில் இருந்தாள். படத்தைப் பார்த்தபோது எனக்கு அம்மையார் ஞாபகம்தான் வந்தது. அதே ஜூலையில் சட்டம் கையெழுத்தானது.

இந்தியாவில் அந்த இடத்தில் நிற்பவர் ஜாவேத் அபிதி. பிறவியிலேயே முதுகுத்தண்டில் குறை, சக்கர நாற்காலி. 1995 டிசம்பரில் டெல்லியில் மாற்றுத்திறனாளிகள் தெருவில் இறங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு. அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடரிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் சட்டம் நிறைவேறி, 1996 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஆனால் அதில் பொதுக் கட்டடங்களில் சாய்தளம் வைப்பது பற்றிய பிரிவுகளில் 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்ற வார்த்தையும் கூடவே இருந்தது. எங்கள் ஊரில் கடன் திருப்பித் தருகிறவன் 'பாத்துத் தர்றேன்' என்பானே, அதைப் போல.

அபிதி அதோடு விடவில்லை. விமானத்தில் ஏற அவரை ஆட்கள் தூக்க வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றம் போனார். 1998-ல் வந்த தீர்ப்புக்குப் பிறகுதான் நம் நாட்டுப் பெரிய விமான நிலையங்களில் ஆம்புலிஃப்ட் என்பது பேசுபொருளானது. லாரி மேல் ஒரு அறை. நாற்காலியோடு உள்ளே போனால், அறையே விமானத்தின் கதவு உயரத்துக்கு எழும்பும். மேடை லிஃப்டின் அண்ணன் என்று சொல்லலாம். 2001 ஜனவரியில் ஸ்டீபன் ஹாக்கிங் இந்தியா வந்தார். அவர் டெல்லியில் குதுப்மினார், செங்கோட்டை, ஹுமாயூன் கல்லறை, ஜந்தர் மந்தர் பார்க்க வேண்டும் என்று மரத்தில் சாய்தளம் போட்டார்கள். பல வருடமாகக் கேட்டும் நடக்காதது உலகப் புகழ் விஞ்ஞானி ஒருவர் வருகிறார் என்றதும் சில நாளில் நடந்தது. 2004 தேர்தலின்போது வாக்குச்சாவடிகளில் மரப்பலகைச் சாய்தளம் வந்ததும் அபிதியும் கூட்டாளிகளும் நீதிமன்றத்தில் கேட்டதால்தான். இன்று நாம் ஓட்டுப் போடப் போகும் பள்ளிக்கூடத்தில் வாசலில் ஒரு சரிவு இருந்தால், அதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. அபிதி 2018-ல் காலமானார்.

2016-ல் புதுச் சட்டம் வந்தது; 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. ஏழு வகைக் குறைபாடுகள் இருபத்தொன்றாயின. நமக்கு முக்கியமானது 44-வது பிரிவு: அணுகல் விதிகளுக்கு உட்படாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியும் கூடாது, முடிவுச் சான்றிதழும் கூடாது. பொதுக் கட்டடம் என்பதற்கு அந்தச் சட்டம் கொடுக்கும் விளக்கமும் அகலமானது. அரசுக் கட்டடம் மட்டும் இல்லை. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் அதில் அடக்கம். கடை, அலுவலகம், கிளினிக், பள்ளி, வழிபாட்டுத் தலம் எல்லாம். பாரதியார் ரோட்டில் நடந்து போகும்போது நிமிர்ந்து பாருங்கள். கீழே கடை, பக்கவாட்டில் ஒரு ஆள் போகும் அளவுக்குக் குறுகலான படிக்கட்டு, மேலே டாக்டர். முழங்கால் வலிக்குப் பார்க்கப் போகிறவர் முதலில் பதினெட்டுப் படி ஏறிக் காட்ட வேண்டும்.

சட்டம் இருந்தும் ஏன் நடக்கவில்லை என்ற கேள்விக்கு 2024 நவம்பர் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு பதில் சொன்னது. ராஜீவ் ரதூரி என்ற பார்வைக் குறைபாடு உள்ள மனித உரிமைச் செயல்பாட்டாளர் 2005-ல் போட்ட வழக்கு அது. சட்டம் 'கட்டாயம்' என்கிறது, ஆனால் சட்டத்தின் கீழ் போட்ட விதிகள் வெறும் வழிகாட்டுதல்களாக, செய்தால் நல்லது என்ற தொனியில் இருக்கின்றன. அந்த 15(1) விதி சட்டத்துக்கு முரணானது என்று தள்ளிவிட்டு, மீற முடியாத குறைந்தபட்ச விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. இருபது வருடம் ஓடிய வழக்கு. இதைக் கேட்டால் நம் செயற்குழு ஒரு முறை தள்ளிவைத்தது பெரிய தாமதமாகத் தெரியாது.

நம் கட்டடத்தில் வெளியார் வந்துபோகும் கடை இல்லை. அதனால் 'சட்டப்படி நமக்குக் கட்டாயமா' என்று ஒரு உறுப்பினர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நான் அதற்குப் பதிலாகப் பிரான்சின் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நம் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இருப்பதால், இதை உறுதிசெய்துகொள்ளப் பாரிஸில் உங்கள் சொந்தக்காரர் யாராவது இருப்பார். அங்கே 2005 பிப்ரவரியில் வந்த சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் எல்லா இடங்களையும் 2015 ஜனவரிக்குள் மாற்றியாக வேண்டும் என்றது. பத்து வருடம் கொடுத்தும் முடியாமல் அவகாசத்தை நீட்டினார்கள். ஆக, பணக்கார நாடு என்பதால் சுலபமாக நடந்துவிடவில்லை. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவர்கள் செய்த ஒரு மாற்றம் எனக்குப் பிடித்தது. 2021 ஜனவரி முதல், ஒரு வீட்டு உரிமையாளர் தன் சொந்தச் செலவில் மாற்றுத்திறனாளிக்கோ நடமாட்டம் குறைந்தவருக்கோ பொதுப் பகுதியில் வசதி செய்ய விரும்பினால், சங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. விவரத்தைக் கூட்டத்தில் தெரிவித்தால் போதும். கட்டடத்தின் உறுதிக்குக் கேடு போன்ற தக்க காரணத்தைச் சொல்லி, பெரும்பான்மையோடு சங்கம் எதிர்த்தால்தான் நிறுத்த முடியும். அதாவது, முன்பு வேண்டும் என்கிறவர் பெரும்பான்மையைத் திரட்ட வேண்டும். இப்போது வேண்டாம் என்கிறவர் திரட்ட வேண்டும். நம்மூர் வாத்தியார் ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் படியேற வேண்டிய நிலையை நினைத்தால் இதன் அருமை புரியும்.

கோயில்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட முன்னால் போய்விட்டன என்பதையும் சொல்ல வேண்டும். பழனியில் 1966-லேயே விஞ்ச் வந்துவிட்டது. 2004-ல் ரோப் கார். சோளிங்கரில் 1,305 படி. அங்கேயும் 2024-ல் ரோப் கார் வந்தது. 'படி ஏறினால்தான் புண்ணியம்' என்று அப்போதெல்லாம் சிலர் சொல்லியிருப்பார்கள். இன்று விஞ்ச் வரிசையில் நிற்பவர்களை யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை.

இனி கருவிக்கு வருகிறேன். பயப்படுகிறவர்கள் இருப்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

மேடை லிஃப்ட் நம் மாடி லிஃப்ட் மாதிரி கிடையாது. அதற்குக் கீழே நாலைந்து அடிக்குப் பள்ளம் தோண்ட வேண்டாம், மேலே மெஷின் அறை வேண்டாம். இரண்டு மூன்று அங்குலப் பள்ளம் போதும். அதுவும் முடியாவிட்டால் ஒரு சின்னச் சரிவுப் பலகை. தரை ஏறக்குறைய மூன்றடிக்கு நாலரை அடி, ஒரு சக்கர நாற்காலியும் பின்னால் ஒருவரும் நிற்கும் அளவு. இயக்கத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று ஸ்க்ரூ: செங்குத்தாக நிற்கும் மரைத்தண்டில் ஒரு நட்டு சுழன்றபடி ஏறும். கார் டயர் மாற்றும் ஸ்க்ரூ ஜாக்கியைப் பார்த்திருப்பீர்கள், கையை எடுத்தாலும் கார் தானாக இறங்காதே, அதே காரணம்தான். கூடவே, முதல் நட்டு தேய்ந்தால் தாங்கிக்கொள்ள இரண்டாவது நட்டு. இன்னொன்று ஹைட்ராலிக்: சர்வீஸ் ஸ்டேஷனில் காரைத் தூக்குகிற எண்ணெய் அழுத்தம். இவை தவிர படிக்கட்டின் ஓரத் தண்டவாளத்தில் சரிவாக ஏறும் வகையும் இருக்கிறது. குறுகலான பழைய படிக்கட்டுகளுக்கு அதுதான் வழி. நம் நான்கு படிக்கு அது தேவையில்லை.

வேகம் மிகக் குறைவு. சர்வதேச அளவுகோல் வினாடிக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் அனுமதிப்பதில்லை. நம் இரண்டடி உயரத்தை நான்கைந்து வினாடியில் ஏறும். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்; விரலை எடுத்தால் நின்றுவிடும். குழந்தைகள் விளையாடினால் என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். சாவி வைத்துப் பூட்டவும் முடியும். மேடைக்கு அடியில் பூனையோ பந்தோ இருந்தால் தொட்டவுடன் நிற்கும் தட்டும் உண்டு. அதைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: இடம் இருந்தால் சாய்தளமே மேல். அதற்குக் கரண்ட் வேண்டாம், ஏ.எம்.சி. வேண்டாம், பால்காரர் சைக்கிளும் குழந்தை வண்டியும் காஸ் சிலிண்டரும் அதிலேயே போகும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பதுதான் நம் நாட்டு வழிகாட்டுதல். நம் நான்கு படியும் அரையடி அரையடியாக இரண்டடி உயரம். ஆக 24 அடிச் சரிவு. மேலும் கீழும் திரும்ப ஐந்தடி ஐந்தடி சமதளம். நம் படிக்கும் கார் போகும் பாதைக்கும் நடுவில் இருப்பது பதினோரு அடி. அதற்குள் சரிவைத் திணித்தால் அது சறுக்குமரம் ஆகிவிடும். அரசு அலுவலக வாசல்கள் சிலவற்றில் அப்படிப்பட்ட சறுக்குமரங்களைப் பார்த்திருப்பீர்கள். கணக்குக் காட்டக் கட்டியவை. மடக்கிக் கட்டினால் முடியும், ஆனால் சுவரோரம் இரண்டு கார் நிறுத்தும் இடம் போகும். கூட்டத்தில் சத்தம் கிளம்பியது இங்கேதான் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

லிஃப்ட் வைப்பதென்றால் நம் ஊருக்கு என்று இரண்டு கவனம் தேவை. முதலாவது உப்புக்காற்று. கடலோரத்தில் சாதாரண பெயிண்ட் அடித்த இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்பது நம் மொட்டை மாடிக் கம்பிக்கே தெரியும். துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு அல்லது நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மழை படாத கூரை, மூடிய மின்பெட்டி மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இரண்டாவது கரண்ட். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எத்தனை நாள் இருட்டில் இருந்தோம்? பேட்டரியில் இறங்கும் வசதியும், அதுவும் போனால் கையால் சுற்றி இறக்கும் கைப்பிடியும் இல்லாத மாடலைப் பார்க்கவே வேண்டாம். செக்யூரிட்டிகள் எல்லோருக்கும் அதைச் சுற்றிக் காட்டிக் கொடுக்க வேண்டும். வாங்கியபோது ஒரு நாள் ஓட்டிக் காட்டிவிட்டு, பிறகு துணி போட்டு மூடி வைத்த லிஃப்டை வெளியூரில் ஒரு கட்டடத்தில் பார்த்திருக்கிறேன். சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை.

கடலோரம் என்றதும் மெரினா ஞாபகம் வருகிறது. 2022 நவம்பரில், மாற்றுத்திறனாளிகள் அலைக்குப் பக்கத்தில் போகும்படி 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டார்கள். வாழ்க்கையில் முதல் முறையாகக் கடலைக் கிட்டே பார்த்தேன் என்று பலர் சொன்னார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அதன் கடலோரப் பகுதியைச் சேதப்படுத்திவிட்டது. 'பார்த்தீர்களா, வீண் செலவு' என்றார்கள் சிலர். சரிசெய்து மறுபடி திறந்தார்கள். நம் வாத்தியாருக்குக் கடற்கரை இரண்டு கிலோமீட்டர். அங்கே போக அவருக்கு முதலில் வேண்டியது அந்த 24 அங்குலம்.

ஆட்சேபங்களில் நியாயமானதும் இருக்கிறது. 'ஒருவருக்காக எல்லோரும் ஏன் பராமரிப்புக் கட்டணம் கூட்டிக் கொடுக்க வேண்டும்' என்பது ஒன்று. போன வாரம் பொழுதுபோகாமல் நம் நாற்பத்தெட்டு வீட்டையும் மனசுக்குள் ஒரு சுற்று வந்தேன். முழங்கால் ஆபரேஷன் ஆனவர்கள் ஐந்து பேர். ஊன்றுகோல் மூன்று. பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண்கள் இரண்டு. பைக்கில் விழுந்து காலில் கட்டோடு சி பிளாக் தம்பி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறவர்களை நான் எண்ணவில்லை. எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு வரும் தை மாதம் அறுபத்தெட்டு.

இன்னொரு சிக்கலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், கூட்டத்தில் புதிதாகக் கிளம்ப வேண்டாம். நம் மாடி லிஃப்டின் கதவு 70 சென்டிமீட்டர். வாத்தியாரின் நாற்காலி 64. உரசிக்கொண்டு போகிறது. பெரிய சைஸ் நாற்காலி போகாது. மேடை லிஃப்ட் வந்தாலும் அது தீராது. மாடி லிஃப்ட் மாற்றும் வருடத்தில் கதவை 90 சென்டிமீட்டர் ஆக்க வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் இப்போதே எழுதி வைக்கலாம். எழுதி வைக்காவிட்டால் அந்த வருடம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சாய்தளம், லிஃப்ட் இரண்டுக்குமான விலைப்புள்ளிகளைச் செயலாளர் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார். பி பிளாக் வாசலில் சாக்பீஸால் இரண்டு கட்டம் வரைந்திருக்கிறேன்: நீளமானது சாய்தளம் பிடிக்கும் இடம், சின்னது லிஃப்ட் பிடிக்கும் இடம். மழை வந்து அழிவதற்குள் போய்ப் பாருங்கள். ஏ பிளாக் அண்ணன் வைத்திருக்கும் மடக்கு வீல்சேர் செக்யூரிட்டி அறையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து லிஃப்டில் இருந்து கேட் வரை போய்ப் பார்க்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை பொருளாளர் உட்கார்ந்து பார்த்தார். படி வரைக்கும் வந்தார், அங்கே நின்றுவிட்டு, எங்களைத் திரும்பிப் பார்த்தார்.